பழைய பண்ணையில் மெட்டல் டிடெக்டர்: எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

இங்கிலாந்தில் நம்ம ஆட்கள் கூடுகிற எந்த இடத்துக்குப் போனாலும் என்னிடம் ஒரு கேள்வி வரும். "ஞாயிற்றுக்கிழமை ஆனா பூட்ஸ் மாட்டிக்கிட்டு, கையில ஒரு மெஷினோட வயலுக்குக் கிளம்பிடறீங்களே, ஏதாவது புதையல் கிடைச்சுதா?" கிடைக்கவில்லை. ஆறு வருஷமாக ஒரே பண்ணையில் நடக்கிறேன். நான் எடுத்ததையெல்லாம் விற்றால் மெஷின் வாங்கின காசு கூடத் தேறாது. அப்புறம் எதுக்குப் போறீங்க என்றால், அதுதான் இன்றைய எபிசோடு. பழைய பண்ணை நிலத்தில் மெட்டல் டிடெக்டிங்கை எப்படித் தொடங்குவது, எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்கிறேன்.

நான் இருப்பது சஃபோக் கவுண்டியில். கிழக்கு இங்கிலாந்து. மலை கிடையாது, கோதுமை, பார்லி, சர்க்கரைக் கிழங்கு, பன்றிப் பண்ணைகள். ரோமானியர் காலத்திலிருந்து இடைவிடாமல் உழுத மண். இந்த மாதிரி மண்ணில் மனிதர்கள் தொலைத்தது ஏராளம்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் மெஷின் வாங்குகிறார்கள். அப்புறம்தான் எங்கே போவது என்று யோசிக்கிறார்கள். தலைகீழ். இந்த நாட்டில் ஒவ்வொரு அடி நிலத்துக்கும் ஒரு உரிமையாளர் உண்டு. வயலுக்குக் குறுக்கே பொது நடைபாதை போகும். அதில் நடக்கத்தான் நமக்கு உரிமை, டிடெக்டரை இறக்க இல்லை. குத்தகைக்கு உழுகிறவர் சரி என்று சொன்னால் மட்டும் போதாது, நிலத்துக்காரரும் சொல்லணும். சட்டப் பாதுகாப்பில் இருக்கிற தொல்லியல் இடங்களில் தனி அனுமதி இல்லாமல் மெஷினை இயக்குவதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த இடங்களின் பட்டியலும் வரைபடமும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பண்ணைக்காரரின் கதவைத் தட்டும் முன்னாடி அதைப் பார்த்துவிடுங்க.

கதவைத் தட்டுவதுதான் கஷ்டமான வேலை. நான் ஏழு பேரிடம் கேட்டேன். ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். ஒருத்தர் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. நம்ம முகத்தைப் பார்த்ததும் டிராக்டரை நிறுத்திவிட்டு "வழி தவறிட்டீங்களா?" என்று விசாரிப்பார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பாதையில் வெளியாள் யார் வந்தாலும் அதே கேள்விதான், எங்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம் கேட்பார்கள், அவ்வளவுதான்.

ஏழாவது ஆள் எழுபது வயசு தாண்டிய பெரியவர். மூன்றே கேள்வி கேட்டார். கேட்டைத் திறந்தால் மூடுவாயா? நாய் கூட்டி வருவாயா? குழியை மூடுவாயா? நான் தஞ்சாவூர் பக்கம் விவசாயக் குடும்பம். நடவு முடிந்த வயலில் வரப்பை விட்டு ஒருத்தன் கால் வைத்தால் எங்க தாத்தா என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். சிரித்தார். "அறுவடை முடிஞ்சதும் வா" என்றார்.

வாய்வார்த்தையோடு விடாதீங்க. ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்க. எந்தெந்த வயல், எந்த மாதங்கள், கிடைத்தது யாருக்கு, மதிப்புள்ளது கிடைத்தால் பங்கு எப்படி, பதிவு செய்யலாமா வேண்டாமா. பெரியவர் முதலில் "நமக்குள்ள எதுக்குப் பேப்பர்?" என்றார். பேப்பர் எதுக்கு என்பது பின்னாடி வரும். இன்னொன்று, டிடெக்டிங் சங்கங்களில் உறுப்பினரானால் காப்பீடும் சேர்ந்து கிடைக்கும். குழியில் ஒரு மாடு காலை உடைத்துக்கொண்டால் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

இப்போ மெஷின். இதில் நான் ரொம்ப நேரம் செலவழிக்கப் போவதில்லை, மெஷின் பேச்சு பேசியே வயலுக்குப் போகாதவர்கள் நிறைய பேர். அடியில் வட்டமாக இருப்பது காயில். அது மண்ணுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அந்தப் புலம் பட்டதும் உலோகத்துக்குள் சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அந்த மின்னோட்டம் தனக்கென்று ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். அதைத்தான் மெஷின் சத்தமாக மாற்றி நம்ம காதில் போடுகிறது. செம்பு, வெள்ளி மாதிரி மின்சாரம் நன்றாகக் கடத்தும் உலோகத்துக்குப் பொதுவாக உயர்ந்த சுரம். இரும்புக்குத் தாழ்ந்த, கரகர சத்தம். ஒரு காசு அளவுப் பொருள் என்றால் ஒரு சாண், கொஞ்சம் கூட. அதற்கு மேல் ஆழத்தை எதிர்பார்க்காதீங்க. காரெட், நோக்டா, மைன்லேப் எந்தக் கம்பெனியானாலும் ஆரம்ப விலை மாடலே போதும். கூடவே கையில் பிடிக்கிற சின்ன பின்பாயிண்டர் ஒன்று வாங்குங்க. தோண்டின மண் கட்டியில் காசு எங்கே ஒளிந்திருக்கிறது என்று அது காட்டும். அது இல்லாமல் ஒரு குழிக்குக் கால் மணி நேரம் போய்விடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. குப்பை வேண்டாம் என்று மெஷினில் எல்லாவற்றையும் வடிகட்டி வைக்காதீங்க. குளிர்பானக் கேன் மூடியின் வளையமும் தங்க மோதிரமும் மெஷினுக்குக் கிட்டத்தட்ட ஒரே எண்தான். மெல்லிய இடைக்கால வெள்ளிக் காசு சில சமயம் சாக்லேட் காகிதம் மாதிரிதான் முனகும். முதல் வருஷம் இரும்பைத் தவிர எல்லாவற்றையும் தோண்டுங்க. காது அப்படித்தான் பழகும்.

சரி, மெஷின் இருக்கு, அனுமதி இருக்கு. நூறு ஏக்கர் முன்னாடி கிடக்கு. எங்கே முதல் அடி வைப்பது? எனக்கு மெஷினை விட இந்தப் பகுதிதான் பிடிக்கும்.

வயலுக்குப் போகும் முன்னாடி வரைபடத்துக்குப் போங்க. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்கள் இருக்கின்றன. பெயர் ஸ்காட்லாந்து என்றாலும் இங்கிலாந்து வரைபடங்களும் அதில் உண்டு. இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் அன்றைய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இன்றைக்கு ஒரே பெரிய வயலாக இருப்பது அன்றைக்கு ஐந்து சின்ன வயல்களாக இருந்திருக்கும். இடையில் வேலி, வேலியில் ஒரு கேட், கேட்டை நோக்கி ஒரு ஒற்றையடிப் பாதை, மூலையில் கூலிக்காரர் குடிசை ஒன்று. எல்லாம் போய்விட்டது. ஆனால் கேட் இருந்த இடத்தில்தான் ஜனங்கள் நின்றார்கள், பேசினார்கள், வண்டியை விட்டு இறங்கினார்கள், சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தார்கள். காசு விழுந்தது அங்கேதான்.

அதற்கும் முந்தியது டைத் வரைபடம். 1836இல் வந்த சட்டப்படி, தேவாலயத்துக்குத் தானியமாகக் கொடுத்துவந்த பத்தில் ஒரு பங்கைப் பணமாக மாற்றினார்கள். அதுக்காக ஊர் ஊராக ஒவ்வொரு வயலையும் அளந்து, பெயரோடு பட்டியல் போட்டார்கள். அந்த வயல் பெயர்கள் இருக்கே, அதுதான் பொக்கிஷம். சேப்பல் ஃபீல்ட் என்று பெயர் இருக்கும், இன்றைக்கு அங்கே ஒரு கல் கூட இருக்காது. ஃபேர் ஃபீல்ட் என்றால் சந்தை கூடின இடமாக இருக்கலாம். நம்ம ஊரில் நத்தமேடு என்று ஒரு பொட்டல் இருக்கும், யாரும் குடியில்லை, ஆனால் ஒரு காலத்தில் ஊர் இருந்த மேடு என்று பெயரே சொல்லும் இல்லையா? அதே சங்கதிதான். ஊர் போனாலும் பெயர் நிற்கிறது.

வயலில் இறங்கினால் கண்ணும் வேலை செய்யணும். தனியாக நிற்கிற பெரிய ஓக் மரம், குளத்தங்கரை, மண் நிறம் மாறி இருட்டாகத் தெரியும் திட்டு, உடைந்த ஓடும் சிப்பியும் சேர்ந்து கிடக்கும் இடம். அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும்போதும் போகலாம். உழுது, உருளை போட்டுச் சமன் செய்தபின் இன்னும் நல்லது, காயில் தரையை ஒட்டிப் போகும். விதை போட்டுவிட்டால் அந்த வயலை மறந்துவிடுங்க.

ஒரு வயல் முழுக்க நடுவில், பாதை கிடையாது, வீடு கிடையாது, ஆனால் பொத்தானாகக் கிடைக்கும். எனக்கு முதல் வருஷம் இது பெரிய புதிர். பிறகு ஒரு வயதான டிடெக்டர்காரர் சொன்னார். அந்தக் காலத்தில் பட்டணத்துக் கழிவையும் கிழிந்த கம்பளித் துணியையும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எருவாகக் கொட்டினார்களாம். துணி மக்கிப் போச்சு, பொத்தான் தங்கிப் போச்சு. இப்போதும் அதே கதை வேறு ரூபத்தில் நடக்கிறது. சில பண்ணைகளில் நகரத்துக் குப்பையிலிருந்து செய்த உரம் போடுகிறார்கள். அதில் அலுமினியத் துணுக்கும் பேட்டரித் துண்டும் அப்படியே வரும். அது விழுந்த வயலில் மெஷின் இடைவிடாமல் கத்தும். அனுமதி கேட்கும்போதே எந்த வயலில் அந்த உரம் போட்டிருக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்க.

நடக்கும் முறை எளிது, பொறுமைதான் கடினம். காயிலைத் தொட்டில் மாதிரி ஆட்டக் கூடாது. இரண்டு ஓரத்திலும் மேலே தூக்கிக்கொண்டால் அங்கே ஆழம் போய்விடும். வாசல் பெருக்குகிற மாதிரி, தரையை விட்டு விலகாமல், மெதுவாக. ஒரு வீச்சு அடுத்த வீச்சின் மேல் பாதி விழணும். சத்தம் வந்தால் தொண்ணூறு டிகிரி திரும்பி நின்று மறுபடி வீசிப் பாருங்க. இரண்டு பக்கமும் ஒரே சத்தம் என்றால் தோண்டலாம். புல்வெளி என்றால் மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கீல் மாதிரி விட்டு, பெட்டி மூடியைத் திறப்பது போலப் புல்லைப் புரட்டுங்க. மண்ணை ஒரு துணியில் கொட்டி, முடிந்ததும் அப்படியே உள்ளே தள்ளி, புல்லை மூடி மிதித்துவிடணும். ஒரு மழை பெய்தால் குழி இருந்த இடம் தெரியக் கூடாது. உழவு மண்ணுக்குக் கீழே போகாதீங்க. ஏர் கலைத்த மேல் மண் ஏற்கெனவே கலைந்தது. அதற்கும் கீழே இருப்பது ஆயிரம் வருஷமாக யாரும் தொடாத அடுக்காக இருக்கலாம். கீழடிக்கு அப்புறம் அடுக்கு என்றால் என்ன என்று நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூட விளக்க வேண்டியதில்லை.

கிடைப்பது? பத்துக்கு ஏழு குப்பை. துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை உறை, லாடம், டிராக்டர் நட்டு, ஈயத் துண்டு. பிறகு பொத்தான், பக்கிள், ஈயத் தக்களி. கீழடியில் சுடுமண்ணில் பார்த்த அதே தக்களி, இங்கே ஈயத்தில். 1797ஆம் வருஷத்துப் பென்னி ஒன்று கிடைத்தது, வண்டிச் சக்கரம் என்றுதான் அதற்குப் பட்டப்பெயர். பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டன் நீராவி எந்திரத்தில் அடித்தது. ஒரு பென்னிக்கு ஒரு அவுன்ஸ் செம்பு, கிட்டத்தட்ட 28 கிராம். பத்துக் காசு சேர்ந்தால் பேண்ட் இறங்கிவிடும்.

ஆனால் என் மனசில் நிற்பது வேறு. கால் வெள்ளிக் காசு. முழுக் காசை நாலாக வெட்டின ஒரு துண்டு, கோழியின் கால் நகம் அளவு. இங்கே சில்லறை நாணயம் தனியாக இல்லாத காலத்தில் வெள்ளிப் பென்னியைப் பின்பக்கச் சிலுவைக் கோட்டின் மேல் வைத்து வெட்டினார்கள். பாதி என்றால் அரைப் பென்னி, கால் என்றால் ஃபார்திங். முதலாம் எட்வர்டு அரசர் 1279 வாக்கில் வட்டமான சின்னக் காசுகளை அடிக்கத் தொடங்கியதும் இந்த வழக்கம் போய்விட்டது. எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒரு ஏழைக்கு அது ரொட்டியோ பீரோ வாங்கும் காசு. தொலைத்துவிட்டுத் தேடியிருப்பார். அது எனக்குக் கிடைக்கிறது. சிலிர்ப்பாகத்தான் இருக்கு. துடைக்காதீங்க! கட்டைவிரலால் ஒரு தேய், அவ்வளவுதான், எழுத்து போய்விடும். மண்ணோடு டப்பாவில் போடுங்க.

எடுத்த உடனே செய்யவேண்டிய வேலை இன்னொன்று. போனில் ஜிபிஎஸ் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுங்க. தேதி, நேரம், வயல் பெயர், எண், என்ன பொருள். நான் ஒவ்வொரு பொருளையும் தனித்தனி சிறு பையில் போட்டு எண் எழுதிவிடுவேன். ஒரு கால் காசின் விலை பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒரே மேட்டில், நாற்பது அடிக்குள், மூன்று கால் காசு கிடைத்தது என்றால் அங்கே ஜனங்கள் கூடி வியாபாரம் செய்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். எண் எழுதாத காசுக்கு அந்தக் கதையைச் சொல்லும் வாய் கிடையாது.

இதற்காகவே இந்த நாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கு. போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம். 1997இல் சில கவுண்டிகளில் தொடங்கியது. இப்போது இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்க உண்டு. வட்டாரத்துக்கு ஒரு அலுவலர், எஃப்எல்ஓ என்பார்கள். நாம் கொண்டுபோகிற பொருளைப் பார்த்து, அளந்து, படம் எடுத்து, பதிவு செய்து நம்மிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் பொருட்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. காசு கேட்கமாட்டார்கள்.

இப்போது நிறுத்துவது பற்றி. ஹாக்ஸ்னே என்று எழுதி ஹாக்ஸன் என்று படிக்கிற ஒரு கிராமம் எங்க கவுண்டியில் இருக்கு. 1992 நவம்பரில் அங்கே பீட்டர் வாட்லிங் என்ற குத்தகை விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தேடித் தரச் சொல்லி எரிக் லாஸ் என்ற நண்பரைக் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற தோட்டக்காரர், டிடெக்டர் வைத்திருந்தார். வந்தவருக்குக் கிடைத்தது வெள்ளிக் கரண்டிகளும் தங்கக் காசுகளும். கொஞ்சம் எடுத்தார், விஷயம் பெரிது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார். கேளுங்க, மண்ணுக்குள் தங்கம் பளபளக்கிறது, மனுஷர் கையை எடுத்துவிட்டார். தகவல் போனது, மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து முறையாகத் தோண்டினார்கள். 14,865 ரோமானியக் காசுகள், கூடவே நகைகள், வெள்ளிப் பாத்திரங்கள். ஒரு மரப்பெட்டிக்குள் சின்னச் சின்னப் பெட்டிகளாக எதை எங்கே அடுக்கியிருந்தார்கள் என்பது வரை தெரிந்தது. மரம் மக்கிப்போயிருந்தாலும் கீலும் பூட்டும் கிடந்த இடம் காட்டிக்கொடுத்தது. ஒரு மணி நேரம் கூடுதலாக அவர் தோண்டியிருந்தால் அதெல்லாம் போயிருக்கும். எரிக் லாஸுக்குப் பதினேழரை லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். அதை விவசாயியோடு பங்கிட்டுக்கொண்டார். தொலைந்த சுத்தியலும் கிடைத்தது, இப்போது அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கு.

அந்தப் புதையலில் நாலு மிளகுக் குடுவைகள் உண்டு. ஒன்று பெண்ணின் மார்பளவு உருவம். அடியில் இருக்கும் தட்டைத் திருப்பினால் மிளகு நிரப்பலாம், தூவலாம், மூடிவைக்கலாம். ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சஃபோக்கில் ஒரு பணக்கார வீட்டுச் சாப்பாட்டு மேசை. அதன் மேல் நம்ம பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவில் விளைந்த மிளகு! லண்டன் போனால் பாருங்க. நான் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னாடி ரொம்ப நேரம் நின்றேன். காவலர் ஒருத்தர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இன்னொரு ஜோடிக் கதை. 2015ஆம் வருஷம், இரண்டும் ஒரே வருஷம். ஆக்ஸ்போர்டுஷையரில் வாட்லிங்டன் பக்கம் ஜேம்ஸ் மேதர் என்பவருக்கு வைக்கிங் காலப் புதையல் தட்டுப்பட்டது. எஃப்எல்ஓவை அழைத்தார். மண்ணோடு ஒரே கட்டியாக எடுத்துப்போய் மியூசியத்தில் பிரித்தார்கள். வெசெக்ஸ் அரசர் ஆல்ஃப்ரெடும் மெர்சியா அரசர் கெயோல்வுல்ஃபும் ஒரே மாதிரிக் காசு அடித்திருக்கிறார்கள் என்பதற்கு அதில் சான்று கிடைத்தது. வைக்கிங்குகளின் கைப்பாவை என்று எழுதப்பட்ட கெயோல்வுல்ஃப் உண்மையில் ஆல்ஃப்ரெடின் கூட்டாளியாக இருந்தார் என்று வரலாற்றையே திருத்தி எழுத வேண்டிவந்தது. அதே வருஷம் ஹெரிஃபோர்டுஷையரில் லெம்ஸ்டர் பக்கம், அதே காலத்துப் புதையல். எடுத்த இருவர் அறிவிக்கவில்லை, விற்றார்கள். சுமார் முந்நூறு காசுகள் இருந்திருக்கும் என்கிறார்கள், மீட்டது முப்பது சொச்சம். போனில் அழித்த படங்களைப் போலீஸ் மீட்டெடுத்துத்தான் எவ்வளவு இருந்தது என்றே தெரிந்தது. 2019இல் இருவருக்கும் நீண்ட சிறைத் தண்டனை. முறைப்படி அனுமதி வாங்கி அறிவித்திருந்தால் சட்டமே அவர்களுக்குப் பெரிய பங்கு கொடுத்திருக்கும்.

சட்டம் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு 1996ஆம் ஆண்டின் ட்ரெஷர் ஆக்ட். 300 வருஷத்துக்கு மேல் பழையது, பத்து சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ இருக்கிற பொருள் புதையல். காசு என்றால் ஒற்றைக் காசு சேராது, ஒரே இடத்தில் இரண்டு தங்க, வெள்ளிக் காசுகளாவது இருக்கணும். செம்பு மாதிரி மலிவான உலோகம் என்றால் பத்து. 2023 ஜூலையிலிருந்து, 200 வருஷத்துக்கு மேற்பட்ட அபூர்வமான வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருட்களையும் சேர்த்துவிட்டார்கள். கிடைத்த 14 நாளுக்குள் கொரோனருக்குச் சொல்லணும். மர்ம மரணத்தை விசாரிக்கிற அதே கொரோனர்தான், பழைய வழக்கம் அப்படி. நடைமுறையில் எஃப்எல்ஓவே எடுத்துச் செய்வார். மியூசியம் வாங்கினால் வழக்கமாகக் கண்டவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி. ஸ்காட்லாந்தில் விதி வேறு, அங்கே பழம்பொருள் எதுவானாலும் அரசுக்குத்தான் முதல் உரிமை.

பேப்பர் எதுக்கு என்று கேட்டாரே பெரியவர், அதற்கு வருகிறேன். மூன்றாவது வருஷம், அந்த மூன்று கால் காசு கிடைத்த மேடு. எஃப்எல்ஓவிடம் பதிவு செய்யலாமா என்று கேட்டேன். அவருக்கு மனசில்லை. "பதிவு பண்ணினா ஊருக்கே தெரியும், ராத்திரி திருடனுங்க வருவானுங்க" என்றார். நியாயமான பயம். இருட்டில் அனுமதியில்லாமல் வந்து தோண்டுகிறவர்கள் இங்கே உண்டு, நைட்ஹாக் என்பார்கள். நான் வற்புறுத்தவில்லை. எஃப்எல்ஓவையே ஒரு நாள் அவர் வீட்டு அடுப்படி மேசைக்குக் கூட்டிப்போனேன். பொதுமக்கள் பார்க்கும் பதிவில் ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்கு மேல் துல்லியமாக இடம் காட்டமாட்டார்கள், துல்லியமான எண் ஆய்வாளர்களுக்கு மட்டும் என்று அவர் விளக்கினார். இரண்டு கோப்பை டீ ஆனது. பெரியவர் சரி என்றார்.

நாலு மாசம் கழித்து ஒரு காலை ஆறரைக்குப் போன். "நேத்து ராத்திரி வந்தியா?" என்ற கேள்விதான் முதலில். கோதுமை முளைத்து விரல் உயரம் இருந்த வயலில் இருபதுக்கும் மேல் குழிகள், மூடாமல். மேட்டைச் சுற்றியே. குரலில் கோபத்தை விட வருத்தம் அதிகம். பதிவு செய்ததால்தான் வந்தார்களா, பழைய வரைபடம் பார்த்து வந்தார்களா, ரோட்டிலிருந்து என்னைப் பார்த்தவர்களா, இன்று வரைக்கும் தெரியாது. ஆனால் அவர் மனசில் முதலில் வந்த முகம் என்னுடையது. வரவேண்டியதும்தான், அந்த வயலில் மெஷினோடு அவர் பார்த்த ஒரே ஆள் நான்.

நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். விதை போட்டபின் அந்த வயலில் இறங்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட பேப்பர் அவர் வீட்டு மேசை டிராயரில் இருந்தது. என் நோட்டில் அந்த வயலில் கடைசியாக நடந்த தேதி இருந்தது. அதற்கும் மேலாக, இரண்டு பேரும் சேர்ந்து குழிகளைப் பார்த்தோம். ஒரு அடிக்கும் மேல் ஆழம், வட்டமாகக் குடைந்தது, மண் பயிர் மேலேயே. அவர் ஒரு குழி ஓரத்தில் குனிந்து பார்த்துவிட்டு, "நீ இப்படித் தோண்டமாட்டாய்" என்றார். போலீஸுக்குச் சொன்னோம், புகார் எண் கொடுத்தார்கள். யாரும் பிடிபடவில்லை. அந்தக் குழிகளிலிருந்து என்ன போனது என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த மேட்டைப் பற்றிச் சொல்ல மிச்சம் இருப்பது நான் எண் எழுதி வைத்த பதினொரு பொருட்கள்தான்.

இப்போது அவரே சாயங்காலம் டிராக்டரில் ஒரு சுற்று வருகிறார். நானும் வாரத்தில் ஒரு நாள் அந்த வழியாக வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

விட்டுப்போன இரண்டு விஷயம். கிழக்கு இங்கிலாந்து முழுக்க இரண்டாம் உலகப்போர் விமானத் தளங்கள். தோட்டா உறை கிடைத்தால் பரவாயில்லை. குண்டு மாதிரி ஏதாவது தெரிந்தால் தொடாதீங்க, விலகி நின்று 999க்குப் போன் பண்ணுங்க. விழுந்த ராணுவ விமானத்தின் சிதைவு தெரிந்தாலும் நிறுத்துங்க, அதைத் தோண்டத் தனி உரிமம் வேணும். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்க, துருப்பிடித்த கம்பிதான் நீங்க அதிகம் எடுக்கப் போகிற பொருள்.

அப்புறம், "ஊருக்கு வரும்போது மெஷினை எடுத்துட்டு வாங்க, எங்க தோப்புல பார்க்கலாம்" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு. இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் இருக்கு. மண்ணில் மறைந்து கிடந்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கணும். அந்தக் காலத்துப் பத்து ரூபாய், மாற்றவே இல்லை. பழம்பொருட்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனி. கண்டெடுத்ததைக் கொண்டுபோய்க் காட்ட இங்கே இருக்கிற எஃப்எல்ஓ மாதிரி ஏற்பாடு அங்கே கிடையாது. அதனால் மெஷினை எடுத்துவரமாட்டேன் மாமா, பலகாரம்தான் எடுத்துவருவேன்.

அறுவடை ஆகஸ்ட்டில் முடியும். அனுமதிக் கடிதம் எழுத இப்போதே உட்காருங்க.